இரண்டு விரற்கடை

"எனக்கு வரையத் தெரியாது சார்."

பொய்!

உன் வீட்டு வாசலைப் போய்ப் பார். விடியும் முன்னே தண்ணீர் தெளித்து, குனிந்த இடுப்பு நிமிராமல் புள்ளி வைத்து, கம்பி பிசகாமல் சிக்குக் கோலம் போடுகிறாளே, அவள் யார்? உன் அம்மா. அந்த விரலைப் பிடித்து நடை பழகியவள் நீ. தெருவில் ஒரு வாசல் ஒரு நாள் வெறிச்சென்று கிடந்தால், "என்னாச்சு அந்த வீட்டில்?" என்று கேட்கத் தெரிந்த தெருவில் பிறந்தவள் நீ. கோலம் சுருங்கினால் அந்த வீட்டில் யாருக்கோ முடியவில்லை என்று பொருள். நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தால் அம்மை வார்த்திருக்கிறது, செருப்போடு உள்ளே போகக் கூடாது என்று பொருள். இதையெல்லாம் உனக்கு எந்தக் கல்லூரி கற்றுக்கொடுத்தது? வாசலைப் பார்த்து வீட்டுக்குள் இருக்கும் நோயைப் படிக்கத் தெரிந்தவள், "எனக்கு வரையத் தெரியாது" என்று, நோய் வந்த வீடுகளைப் பற்றிய உன் ஆராய்ச்சிக் குறிப்பேட்டை மூடி வைக்கிறாயே, வெட்கமாக இல்லையா?

கோபித்துக்கொள்ளாதே மகளே. கேட்கிறவனும் ஒரு காலத்தில் தோற்றவன்தான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன், காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டுத் திண்ணையில் 42 கேள்விகளோடு உட்கார்ந்தேன். அந்த வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "நோய்க்குப் பிறகு உங்கள் குடும்பத்தின் மன நிம்மதியை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு என்று சொல்வீர்கள்?" என்று கேட்டேன். என்ன கேள்வி பார்! அவர் மனைவி, அந்த அக்கா, என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "மூணு போட்டுக்கோ தம்பி" என்றார். அடுத்த கேள்விக்கும் மூணு. அதற்கடுத்ததற்கும் மூணு. மூணு என்றால் யாருக்கும் பொல்லாப்பு இல்லை பார். 42 கேள்விகளும் அரை மணி நேரத்தில் முடிந்தன. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

எழுந்தபோது, காப்பி சாப்பிட்டுப் போ என்று உள்ளே கூப்பிட்டார். குழித்தறியில் அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக ஒரு சேலை பாதி நெய்து நின்றது. கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க, பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு மகன் உட்கார்ந்திருந்தான். அக்கா, தறியில் சுற்றியிருந்த துணியை ஒரு சுற்றுத் தளர்த்தி, விரலை வைத்துக் காட்டினார்.

"இதப் பாரு தம்பி. இந்த ரெண்டு விரற்கடைக்கு மட்டும் அடி சரியா விழல. அன்னிக்கு ராத்திரி அவருக்கு மூச்சு இழுத்துக்கிச்சு. விடிய விடிய உக்காந்திருந்தேன். காலையில வந்து தறியில குந்திட்டேன். யாருகிட்டயும் சொல்லல. கை சொல்லிடுச்சு."

கொஞ்சம் நிறுத்தி, "முதலாளி பார்த்தா இதுக்குக் கூலி புடிப்பாரு" என்றார்.

மகளே, அந்த இரவை இந்த உலகத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நெய்தவர் ஒருவர். கூலி பிடிக்கிறவர் இன்னொருவர். ஆராய்ச்சி செய்யப் போன எனக்குத் தெரியவில்லை. என் பைக்குள் இருந்த 42 கேள்விகளில் ஒன்றுகூட அந்த இரண்டு விரற்கடையைத் தொடவில்லை.

இப்போது சொல், யார் நிபுணர்?

நோயில் இரண்டு உண்டு என்று ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர் 1988இல் ஒரு புத்தகத்தில் விளக்கினார். மருத்துவர் கண்டுபிடிப்பது ஒன்று, நோயாளியும் அவர் குடும்பமும் வாழ்ந்து பார்ப்பது இன்னொன்று என்றார். மேற்கே அதைப் பெரிய திருப்பமாகக் கொண்டாடினார்கள். கொண்டாடட்டும், நல்ல புத்தகம்தான். ஆனால் நம் மொழியில் 'பிணி' என்று ஒரு சொல் கிடக்கிறதே, அதை எடுத்துப் பார்த்தாயா? பிணிப்பது பிணி. கட்டிப் போடுவது. ஒருவர் பாயில் படுத்தால் வீட்டில் எத்தனை பேர் கட்டுண்டு போகிறார்கள் என்பதை ஒற்றைச் சொல்லுக்குள் முடிந்து வைத்த மொழி உன்னுடையது.

அதிலும் காஞ்சிபுரம் தறி வீட்டில் இது வெறும் சொல் நயம் கிடையாது. கோர்வைச் சேலை தனி ஆளால் ஆகிற காரியமா? உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் கரைக்கொன்றாக இரண்டு, ஆக மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரையைக் கோத்துக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் அது மனைவி, இல்லாவிட்டால் பிள்ளை. கணவனுக்கு முதுகு பிடித்தால் தறி நிற்கும். மனைவிக்குக் காய்ச்சல் வந்தாலும் தறி நிற்கும். பட்டு கர்நாடகத்திலிருந்து வரலாம், சரிகை சூரத்திலிருந்து வரலாம், ஆனால் அந்த இரண்டாவது கை வீட்டுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். அதனால் இங்கே ஒருவருடைய நோய் என்று எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் தறியின் நோய், அடுப்பின் நோய், பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாத பையனின் நோய். இதை எந்த ஒன்று முதல் ஐந்தில் அடைப்பாய்?

நீ சொல்லப்போகும் அடுத்த சாக்கும் எனக்குத் தெரியும். "படம் வரையச் சொல்வது, துணியில் தைக்கச் சொல்வது, நடிக்கச் சொல்வது... இதெல்லாம் வெளிநாட்டு ஆராய்ச்சி முறை சார். நம்ம ஊருக்கு ஒத்து வராது."

ஒத்து வராதா? வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்று முதலில் கேள்.

1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுனான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர், 62 கிராமத்துப் பெண்களின் கையில் கேமராவைக் கொடுத்தார்கள். உன் உடம்பையும் உன் நாளையும் நீயே படம் பிடி என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு அவர்களே பேசினார்கள். வயல் வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதை அதிகாரிகள் படத்தில் பார்த்தார்கள். குழந்தைகள் காப்பகம் வந்தது. கேமராவை முன்பின் தொட்டிராத கைகள் அவை!

2002இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்ந்த பெண்களைப் பெரிய தாளில் படுக்க வைத்து, உடலைச் சுற்றிக் கோடு இழுத்தார்கள். ஜேன் சாலமன் என்ற ஓவியர் துணைக்கு இருந்தார். அந்தக் கோட்டுக்குள் தழும்பையும் தாயையும் மாத்திரையையும் பிள்ளையையும் அந்தப் பெண்களே வண்ணத்தில் நிரப்பினார்கள். உடல் வரைபடம் என்ற முறை அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது.

கனடாவின் டொராண்டோவில், முற்றிய மார்பகப் புற்றுநோயோடு இருந்த பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை ராஸ் கிரே என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் நாடகமாக்கினார்கள். நாடகத்தை உருவாக்கும்போது நோயாளிகளும் கூடவே உட்கார்ந்தார்கள். புற்றுநோய் மருத்துவர்கள் அரங்கில் பார்வையாளர்களாக உட்கார்ந்து, தங்கள் சொற்கள் மறுபக்கத்தில் எப்படி விழுகின்றன என்று பார்த்தார்கள்.

அப்புறம் ஒன்று, நெசவுக்காரர் மகளான உனக்கென்றே சொல்கிறேன். 1987 அக்டோபரில் வாஷிங்டன் நகரத்து மைதானத்தில் ஒரு துணி விரித்தார்கள். எய்ட்ஸ் நோயில் மாண்டவர்களுக்காக அவரவர் வீட்டாரும் நண்பர்களும் தைத்த 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு புதைகுழியின் அளவு. அந்த நோயின் பெயரைச் சொல்லவே ஊர் கூசிய காலம் அது. பலருக்கு முறையான இறுதிச் சடங்கு கூட நடக்கவில்லை. அப்போது அம்மாக்கள் மகனின் சட்டையைக் கிழித்துத் தைத்தார்கள். பேச முடியாததைத் துணி பேசியது. துணி பேசும் என்பதை அமெரிக்கா 1987இல் கண்டுகொண்டது. காஞ்சிபுரத்துக்காரி, உனக்கு அது புதுச் செய்தியா?

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019இல் 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கலைக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டு என்று அறிக்கை வெளியிட்டது. நேர்முகத் தேர்வில் யாராவது மூக்கைச் சுளித்தால் அதை எடுத்துக் காட்டு. அதற்குத்தான் அது உதவும். உன் நம்பிக்கை அதில் தொங்கக் கூடாது.

ஏனென்றால் உன் ஊரில் இது கேப் டவுனுக்கு முன்பிருந்தே நடக்கிறது. கார்த்திகை மாதக் கடைஞாயிறு அன்று கச்சபேசுவரர் கோயிலுக்குப் போயிருக்கிறாயா? மண் சட்டியில் மாவிளக்கு ஏற்றி, அதைத் தலையில் சுமந்து ஆணும் பெண்ணும் பிரகாரம் சுற்றுகிறார்கள். மண்டை விளக்கு. தலையில் தீராத நோவு என்றால் விளக்கு தலை மேலேயே ஏறுகிறது. நோவு எங்கேயோ நெருப்பும் அங்கே! கோயில் வாசல் கடைகளில் வெள்ளித் தகட்டில் கண் விற்கிறார்கள், கை விற்கிறார்கள், கால் விற்கிறார்கள். எந்த உறுப்பில் குறையோ அந்த உறுப்பை வாங்கி உண்டியலில் போடுகிறோம். உடல் வரைபடத்தைத் தாளில் வரையாமல் வெள்ளியில் வெட்டி வைத்த ஊர் இது.

விளக்கு ஏற்றினால் தலைவலி போகுமா என்று என்னிடம் கேட்காதே. அது வேறு வழக்கு. தலைவலி என்றால் மருத்துவரைப் பார், முதலில் பார். நான் கேட்பது இதுதான்: அந்தச் சட்டியைச் சுமக்கிற அம்மா தன் பிள்ளையின் நோயைப் பற்றி அந்த நேரத்தில் எதையோ சொல்கிறாள். அதைக் கேட்க உன் ஆராய்ச்சியில் காது இருக்கிறதா?

ஏகாம்பரநாதர் கோயிலுக்கு வா. வாக்குத் தவறியதற்காகத் திருவொற்றியூரில் இரண்டு கண்ணும் போனது சுந்தரருக்கு. தடவித் தடவி நடந்து காஞ்சிக்கு வந்து பாடினார். இடக்கண் திரும்பியது என்கிறது பெரியபுராணம். வலக்கண் கிடைக்க அவர் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. வழியெல்லாம் அவர் பாடியவற்றில் கெஞ்சல் இருக்கிறது. அதைவிட அதிகமாகச் சண்டை இருக்கிறது. கடவுளையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிற நோயாளி அவர்! மருத்துவமனை வரிசையில் "சார்... சார்..." என்று குரல் உள்ளிழுத்து நிற்கிற நமக்கு, ஆண்டவனிடமே குரல் உயர்த்திய ஒரு பார்வையிழந்தவர் முன்னோடியாக இருக்கிறார்.

அப்பர் கதையில் குடும்பம் இன்னும் பக்கத்தில் வருகிறது. சூலை நோய் வயிற்றைக் குடைந்தபோது அவர் யாரிடம் போனார்? அக்காவிடம். திருவதிகையில் திலகவதியார் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். தம்பி பாடிய பதிகத்தை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அந்த நோயை அக்கா எப்படித் தாங்கினார் என்று தனிப் பதிகம் இல்லை. பார்த்தாயா, உன் ஆராய்ச்சிக்கான இடம் பல நூறு ஆண்டுகளாகக் காலியாகவே கிடக்கிறது. நோயாளியின் குரல் ஓரளவு பதிவாகிவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் குரல்தான் எங்கும் இல்லை.

அம்மை வார்த்த வீட்டில் மாரியம்மன் தாலாட்டுப் பாடுவார்கள். நோயையே ஒரு தாயாக்கி, அவளைத் தூங்க வைக்கிற பாட்டு. இந்தியாவில் பெரியம்மை 1975இல் ஒழிந்தது. 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மை போன பிறகு மாரியம்மன் என்ன ஆனாள் என்று தமிழ்நாட்டில் வந்து ஆராய்ந்தவர் மார்கரெட் டிராவிக் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1984இல் கட்டுரை எழுதினார். இங்கே தாய்மார்கள் பாடும் அழுகைப் பாட்டுகளையும் அவர் கேட்டுப் பதிவு செய்து எழுதினார். கடல் தாண்டி வந்து தமிழ் கற்று, நம் பாட்டிகளின் காலடியில் உட்கார்ந்து கேட்டார். அவரை நான் வணங்குகிறேன். ஆனால் அந்தப் பாட்டிகளின் பேத்தி நீ, "நம்ம ஊருக்கு ஒத்து வராது" என்கிறாய்!

எழு! கூச்சத்தைத் தூக்கிப் போடு! உன் வீட்டுக்குள் கிடக்கும் அறிவுக்கு யாரோ சான்றிதழ் கொடுத்தால்தான் அது அறிவு என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் உன் முதல் நோய்.

கோபம் தணிந்தது. இனி வேலையைப் பேசுவோம். வண்ணப் பென்சிலைக் கொடுத்து ஒரு படம் வாங்கிவிட்டால் ஆராய்ச்சி முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்களைப் போல் ஆகிவிடாதே. படம் பாதிதான். வரைந்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வது மீதி. அந்தப் பேச்சைப் பதிவு செய், அதில் திரும்பத் திரும்ப வருவது என்ன என்று பார், முரண்படுவது என்ன என்று பார்.

நிறத்துக்கு நீயாக அர்த்தம் சொல்லாதே. கறுப்பு பூசினால் துக்கம், மஞ்சள் பூசினால் மகிழ்ச்சி என்று புத்தகத்தில் எழுதியிருப்பதைப் பிள்ளையார்பாளையத்துக்கு எடுத்துக்கொண்டு போனால் சிரிப்பார்கள். அரக்கு, மாம்பழம், மயில்கழுத்து, வெங்காயச் சருகு, கிளிப்பச்சை என்று நிறத்துக்கு நிறம் பெயர் வைத்திருக்கிறவர்கள் அவர்கள். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் ஒரு நீலத்தைக் கொண்டுவந்தார், ஊரே அதற்கு எம்.எஸ். நீலம் என்று பெயர் வைத்தது. ஒரு பாடகியின் பெயரில் நிறம் வைக்கத் தெரிந்த ஊரிடம் போய், நீலத்துக்கு அர்த்தம் சொல்லப் போகிறாயா? கேள். "இந்த நிறம் ஏன்?" என்று மட்டும் கேள். பிறகு வாயை மூடிக்கொண்டு இரு.

ஆளும் நேரமும் பார். படுத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போது அந்த வீட்டில் ஒப்பாரியைப் பற்றிப் பேச்செடுக்காதே. அமங்கலம் என்று விளக்குமாறு எடுப்பார்கள், எடுப்பது சரியும்கூட. தாலாட்டுக் கேள், கும்மி கேள். இறந்த வீட்டுக்காரர்களே ஒப்பாரியைச் சொல்ல வந்தால் கேள், நீயாக இழுக்காதே. எந்த முறையானாலும் "வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்பதை முதல் நாளே சொல். படம் அவர்களுடையது. பெயர் போடலாமா, முகம் காட்டலாமா, ஊரார் பார்க்கலாமா என்பதையெல்லாம் அவர்கள் முடிவு செய்வார்கள். பேசும்போது ஒருவர் உடைந்து அழுதால், அன்றைக்கு ஆராய்ச்சி முடிந்தது. குறிப்பேட்டை மூடி வை, தண்ணீர் கொடு, தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போ. நீ மருத்துவர் இல்லை, நீ செய்வது சிகிச்சையும் இல்லை.

எண்ணையும் இகழாதே. எத்தனை நெசவாளர் வீட்டில் மருத்துவச் செலவால் கடன் ஏறியது என்ற கணக்கு இல்லாமல் எந்த அரசாங்கமும் அசையாது. எண் கதவைத் தட்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்ல இரண்டு விரற்கடை வேண்டும்.

ஒரு வழி சொல்கிறேன், நீயே மாற்றிக்கொள். தறி வீட்டில் வீணான பட்டு நூல் எப்போதும் கொஞ்சம் கிடக்கும். வீட்டில் ஆளுக்கொரு நிறம் எடுத்துக்கொள்ளச் சொல். எல்லா இழையையும் ஒன்றாகப் பிடித்து, நோய் வருவதற்கு முந்தைய நாளிலிருந்து திரிக்கச் சொல். ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாளில் ஒரு முடிச்சு. கடன் வாங்கிய நாளில் ஒரு முடிச்சு. யார் எப்போது தனியாகப் பிரிந்து போனார்களோ அங்கே அந்த நிறம் விலகட்டும். இழை அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுவது என்பதை அவர்களுக்கு நீ சொல்லித்தர வேண்டாம், அது அவர்கள் தினமும் செய்கிற வேலை. மூலையில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பையனிடமும் ஒரு இழையைக் கொடு. பெரியவர்கள் மறைத்த முடிச்சை அவன் போட்டுக் காட்டுவான்.

இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். காரப்பேட்டைக்கு டவுன் பஸ் போகிறது. இதே காஞ்சிபுரத்தில் 1909இல் நெசவாளர் குலத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, நாடகம் எழுதி நடித்துத் தமிழ்நாட்டின் பேச்சையே மாற்றியவர், 1969 பிப்ரவரி 3இல் புற்றுநோயில் இறந்தார். அவர் பெயரில் அதே ஆண்டு எழுந்த புற்றுநோய் மருத்துவமனை காரப்பேட்டையில் இருக்கிறது. சென்னை அடையாறில் இருக்கிற புற்றுநோய் நிலையம் எப்படி வந்தது? முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தார். மூன்று பத்தாண்டு அதை நெஞ்சில் சுமந்து 1954இல் கட்டடமாக்கினார். தங்கையின் படுக்கையருகே உட்கார்ந்திருந்த ஓர் அக்கா கண்டது என்ன என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி. அவர் மருத்துவர், அவரால் முடிந்தது என்று சொல்லாதே. அவரும் புதுக்கோட்டையில் கல்லூரி வாசலில் "பெண்ணுக்கு எதற்குப் படிப்பு?" என்ற கேள்வியைத் தாண்டி வந்தவர்தான்.

காரப்பேட்டை மருத்துவமனை வெளியே மரத்தடியில் தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களில் எத்தனை பேர் தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள்? எத்தனை பேர் கையில் நாடா ஓடிய தழும்பு இருக்கிறது? அனுமதி வாங்க வேண்டிய இடத்தில் முறைப்படி அனுமதி வாங்கு. நெறிமுறைக் குழு கேட்கிற அத்தனை கேள்விக்கும் தலை நிமிர்ந்து பதில் சொல். "வரைவதும் திரிப்பதும் ஆராய்ச்சியா?" என்று எவராவது சிரித்தால், அவர் கட்டியிருக்கும் பட்டு வேட்டியின் கரையைத் தொட்டுக் காட்டி, "இதில் எந்த இடத்தில் நெய்தவருக்குக் காய்ச்சல் என்று உங்களால் சொல்ல முடியுமா சார்?" என்று கேள். மரியாதையாகக் கேள். ஆனால் கேள்!

அந்த அக்காவை நான் மறுபடி பார்க்கவில்லை. அறிக்கையில் அவர் வீட்டுக்கு நேரே 42 முறை மூணு என்று போட்டிருந்தேன். அந்தச் சேலைக்கு எவ்வளவு கூலி பிடித்தார்கள் என்று அவரிடம் கேட்கவே இல்லை. என்னிடம் இல்லாமல் போன 43வது கேள்வி அது. நீ போகும்போது கேட்டுக்கொண்டு வா.